பனிப்புயலின் மூன்று நாள்கள்: கிராமப்புற வீட்டில் நோயாளரைக் காப்பது எப்படி?

அண்மைய ஆண்டுகளில் எமது நோயாளர் குடும்பங்கள் சில, ரொறன்ரோ மாநகரின் அடுக்குமாடிகளை விட்டுச் சிம்கோ ஏரிக்கு அப்பாலும், லின்ட்சே, பீற்றர்பரோ ஆகிய ஊர்களை அண்டிய நாட்டுப்புறங்களிலும் குடியேறியுள்ளன. வீடு விசாலமானது, காற்றும் தூயது. ஆயினும் குளிர்காலத்தில் அந்த வாழ்வுக்கென்று தனியான முன்னேற்பாடு தேவை. நகரத்தில் சில மணிநேரத்தில் சுத்தமாகிவிடும் வீதி, அங்கே மறுநாளும் மூடிக் கிடக்கலாம். ஒரு மரக்கிளை மின்கம்பியில் விழுந்தால் அதைச் சீர்செய்யும் பணியாளர் அவ்விடத்தை அடையவே ஒரு நாள் செல்லலாம்.

இது வெறும் கற்பனை அன்று. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவையும் தெற்குக் கியூபெக்கையும் தாக்கிய உறைமழைப் புயலில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரம் இழந்தனர். கிராமப்புற வீடுகள் சிலவற்றுக்கு அது திரும்பி வர ஒரு மாதம் வரை சென்றது. 2024 நவம்பர் இறுதியில் ஏரி விளைவுப் பனி கிரேவன்ஹர்ஸ்ட் பகுதியில் ஒரு மீட்டருக்கும் மேல் குவிந்து, 11ஆம் இலக்க நெடுஞ்சாலையை மூடச் செய்தது. 2025 மார்ச் இறுதியில் ஒரிலியா, பீற்றர்பரோ பகுதிகளை மூடிய உறைமழையின் பின் ஒரு வாரத்துக்கு மேல் இருளில் இருந்த வீடுகளும் உண்டு.

இத்தகைய நாள்களில் நோயுற்றவரைக் கொண்ட வீடு, மருத்துவமனை செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்ய வேண்டியதாகிறது. கனடிய அரசு ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 72 மணிநேரம் வெளியுதவியின்றி இருக்க ஆயத்தமாக வேண்டும் என்று அறிவுறுத்துவதும் இதனாலேயே. புயலின் பின்னர் எம்மிடம் கொண்டுவரப்படும் நோயாளரை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. பனி அவர்களை நேரே தாக்கியது அரிது. மின்சாரமும் வெப்பமும் வீதியும் ஒருசேரத் தவறியபோது அவற்றை ஈடுசெய்ய வீட்டார் அவசரத்தில் செய்த செயல்களும், இடையில் நின்றுபோன சிகிச்சையுமே பெரும்பாலும் காரணமாகின்றன. இவ்விரண்டையும் வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே தடுத்துவிட முடியும். அதற்கான வழிகளை இங்கே விளக்குகிறோம்.

வாசனையற்ற நஞ்சு

புயல் நாள்களில் நாங்கள் மிகவும் அஞ்சுவது காபனோரொட்சைட்டு வாயுவை. இதைக் கார்பன் மோனாக்சைடு என்றும் எழுதுவர். பெற்றோல், புரொபேன், கரி, விறகு என எது எரிந்தாலும் இது உண்டாகலாம். இதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. எனவே மூச்சு வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும்போதே மூளையும் இருதயமும் ஒட்சிசன் இன்றித் தவிக்கின்றன.

மின்சாரம் நின்றதும் மின்பிறப்பாக்கியை வாகனக் கொட்டகையில் வைத்து இயக்குவதும், கரி அடுப்பை வீட்டினுள் கொண்டுவருவதும், சமையலுக்கான காஸ் அடுப்பை அறையைச் சூடாக்க எரியவிடுவதும் உயிருக்கு ஆபத்தானவை. கொட்டகையின் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. மின்பிறப்பாக்கி வீட்டுக்கு வெளியே, யன்னல்களிலிருந்தும் கதவுகளிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தொலைவில், புகை வீட்டுக்கு எதிர்த்திசையில் செல்லுமாறு இருக்க வேண்டும். வாகனத்துக்குள் அமர்ந்து உடலைச் சூடாக்க எண்ணினால், முதலில் அதனை வெளியே கொண்டுவந்து, புகைக்குழாயைப் பனி அடைக்காமல் துப்புரவு செய்யுங்கள்.

பலர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. இக்காலத்து வெப்பமூட்டிகள் பலவற்றின் புகைக்குழாய் கூரை வழியாகச் செல்லாமல், வீட்டின் பக்கச் சுவரில் தாழ்வாக வெளியேறுகிறது. காற்று குவித்த பனி அதனை மூடினால் வெப்பமூட்டி நின்றுவிடலாம், அல்லது நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பலாம். உங்கள் வீட்டில் அந்தக் குழாய் எங்கே உள்ளது என்பதை இன்றே பார்த்து வையுங்கள். புயலின்போது சில மணிநேரத்துக்கு ஒருமுறை அதன் வாயைச் சுற்றிய பனியை அகற்றுங்கள்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, சோர்வு ஆகியவை இந்நஞ்சின் முதல் அறிகுறிகள். காய்ச்சல் இராது. வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் இவ்வாறு தோன்றினால், அல்லது வெளிக்காற்றுக்குச் சென்றதும் தணிந்தால், தடிமன் என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். அனைவரும் உடனே வெளியேறி 911ஐ அழையுங்கள்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியைப் பல குடும்பங்கள் இப்போது வைத்திருக்கின்றன. இந்நஞ்சைப் பொறுத்தவரை அதனை நம்ப வேண்டாம். வாயு ஏறிய ஈமோகுளோபினையும் ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினையும் அக்கருவியால் வேறுபடுத்த இயலாது. நோயாளர் மயங்கும் நிலையிலும் அது 98 அல்லது 99 என்று காட்டக்கூடும். இதற்கெனவே உள்ள எச்சரிக்கைக் கருவி ஒன்றே நம்பத்தக்கது. எரிபொருளில் இயங்கும் சாதனமோ வீட்டோடு ஒட்டிய வாகனக் கொட்டகையோ இருக்கும் வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே இதனைப் பொருத்துவது ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயமாகும். மின்சாரம் போனாலும் இயங்குமாறு அதில் பற்றரி உள்ளதா எனப் பாருங்கள்.

சவளும் இருதயமும்

10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வாகனப் பாதையில் 20 சென்ரிமீட்டர் பனி கிடப்பதாகக் கொள்ளுங்கள். இலகுவான புதுப்பனியாயினும் அதன் நிறை சுமார் 800 கிலோகிராம் வரும். ஈரப்பனியாயின் இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். சவளுக்கு 5 கிலோகிராம் வீதம் அள்ளினாலும் குறைந்தது 160 தடவை குனிந்து தூக்கி வீச வேண்டும். கிராமப்புற வீடுகளின் பாதை இதைவிடப் பல மடங்கு நீளமானது.

இந்த வேலை இருதயத்துக்கு ஏன் இத்தனை கடினமாகிறது? குளிர்ந்த காற்று குருதிக்குழாய்களைச் சுருக்கிக் குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. கால்களால் செய்யும் வேலையைக் காட்டிலும் கைகளால் செய்யும் வேலை நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் கூடுதலாக ஏற்றுகிறது. பாரம் தூக்கும்போது நாம் அறியாமலே மூச்சை அடக்குகிறோம். இருதயத்துக்குக் குருதி மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், அதற்குக் குருதி கொண்டுவரும் குழாய்களும் ஒடுங்குகின்றன. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வொன்று, 20 சென்ரிமீட்டர் பனி விழுந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு மரணத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்ததைக் காட்டியது. தென்னாசியரான எம்மவரிடையே மாரடைப்பு ஏனையோரைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருவதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாரடைப்பு வந்தவர், இருதயக் குழாயில் வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் அல்லது மாற்றுவழி அறுவைச் சிகிச்சை பெற்றவர், இருதயச் செயலிழப்பு உள்ளவர், குருதி அழுத்தம் கட்டுப்படாதவர் ஆகியோர் சவளைத் தொடவே வேண்டாம். பனி அகற்றுவதற்கு அயலவருடனோ கூலிக்குச் செய்பவருடனோ இப்போதே பேசி வையுங்கள். "பிள்ளை வேலையால் வர முன்னம் நானே அள்ளிவிடுகிறேன்" என்று தந்தையர் எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தைத் தடுக்கும் பொறுப்பு குடும்பத்தினருடையது.

நலமாக இருப்போரும், குறிப்பாக 45 வயதைக் கடந்து உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதோரும், எழுந்தவுடனோ வயிறு நிறைய உண்டவுடனோ இவ்வேலையில் இறங்கலாகாது. சிறிய சவளைக் கொண்டு பனியைத் தூக்காமல் தள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து இளைப்பாறுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் என எது தோன்றினும் உடனே நிறுத்தி 911ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளருக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்பதை மறவாதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே உடல் குளிர்தல்

உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதை உடற்குளிர்ச்சி நிலை என்கிறோம். இது பனியில் வழிதவறியவர்களுக்கு மட்டும் வருவதன்று. வெப்பமூட்டி நின்ற வீட்டில், சேலையோ சாரமோ அணிந்து நாற்காலியில் அசையாது இருக்கும் முதியவருக்கும் ஒரே இரவில் வரலாம். முதுமையில் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றல் குறைகிறது. குளிரை உணரும் ஆற்றலும் குறைகிறது. தைரொயிட் சுரப்புக் குறைவு, நீரிழிவு, பக்கவாதத்தின் பின்னான நிலை, தூக்க மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நோயாளர் இருக்கும் அறை 18 பாகைக்குக் கீழே போகாதிருப்பது நல்லது. சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள்.

முதலில் நடுக்கம் வரும். பின்னர் சொற்கள் குழறும், கைகள் தடுமாறும், நடை தள்ளாடும், யோசனை மந்தமாகும். அதற்கும் பின்னர் நடுக்கம் நின்றுவிடும். இந்த இடத்தில்தான் பராமரிப்போர் பெரிதும் ஏமாறுகின்றனர். "அம்மம்மாவின் நடுக்கம் நின்றுவிட்டது, இனிப் பரவாயில்லை" என்று அவரைத் தூங்கவிடுகின்றனர். குளிர்ந்த உடலில் நடுக்கம் நிற்பது உடல் தன் கடைசி எதிர்ப்பையும் கைவிடுவதன் அடையாளமாக இருக்கலாம். அவரைத் தட்டி எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். பதில் தெளிவாக இல்லையெனில் 911ஐ அழையுங்கள்.

மின்சாரம் நின்றதும் முழு வீட்டையும் காக்க முயலாமல், வெயில் படும் ஓர் அறையைத் தெரிந்து எல்லோரும் அதில் கூடுங்கள். கதவின் அடிப்புறத்தைத் துவாயால் அடையுங்கள். யன்னல்களுக்குப் போர்வையைத் தொங்கவிடுங்கள். ஒரு தடித்த உடையைவிடப் பல மெல்லிய உடைகளை அடுக்கி அணிவது சிறந்தது. தலையையும் பாதங்களையும் மூடுங்கள். ஈரமான உடையை உடனே மாற்றுங்கள். குளிர்ந்துவிட்டவருக்கு முதலில் மார்பு, கழுத்து, வயிறு ஆகியவற்றைப் போர்வையாலும் மற்றொருவரின் உடற்சூட்டாலும் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். நன்கு விழிப்புடன் இருப்பவருக்கு மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மதுபானம் உடலைச் சூடாக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலின் குருதிக்குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடுகிறது.

விரல், காது, மூக்கு ஆகியவை வெளிறி மரத்துப்போனால் உறைபனிக் காயமாக இருக்கலாம். பனியால் தேய்ப்பது திசுக்களை மேலும் சிதைக்கும். மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்தில் மட்டும், 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்துங்கள். நீரின் சூட்டை நோயாளரின் மரத்த விரலால் பார்க்க வேண்டாம். பராமரிப்பவர் தம் முழங்கையால் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

மின்சாரம் நின்றால் இன்சுலின் கெட்டுவிடுமே என்று அஞ்சிச் சிலர் அதனைப் பனிக்குள் புதைக்கின்றனர், அல்லது வெளி யன்னலோரம் வைக்கின்றனர். ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிய பின்னர் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படாது. பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்த பின் அறை வெப்பநிலையில் சுமார் 28 நாள் வரை வைத்திருக்கலாம். ஆகவே மூன்று நாள் மின்தடையில் இன்சுலினுக்கு வரும் ஆபத்து வெப்பத்தால் அன்று, உறைவதால்தான். வீடு மிகவும் குளிர்ந்தால் அதனை உள்ளாடைப் பையில் உடலோடு வைத்திருங்கள். குருதிச் சீனி அளக்கும் கருவியும் அதன் பட்டிகளும் கடுங்குளிரில் பிழையான அளவைக் காட்டக்கூடும் அல்லது இயங்க மறுக்கும். அவற்றையும் சூடாக வைத்து, விரல்களைச் சூடாக்கிய பின்னரே சோதியுங்கள்.

பனி அள்ளிய பின்னரும், உணவு தவறிய வேளையிலும் குருதிச் சீனி தாழலாம். நடுக்கமும் குழப்பமும் அதற்கும் அறிகுறி, உடற்குளிர்ச்சிக்கும் அறிகுறி. ஐயம் ஏற்பட்டால் உடனே சோதியுங்கள். சோதிக்க இயலாவிடில், விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வராவிடில் மீண்டும் கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பாதங்களில் உணர்வு குறைந்தவர்கள் சுடுநீர்ப் பையையோ அடுப்பையோ காலருகில் வைக்கலாகாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்து ஆறாத புண்ணாகிவிடும். தடித்த காலுறை போதும். காலையும் மாலையும் பாதங்களைப் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் நீரிழிவு, குருதி அழுத்த மாத்திரைகளில் எதனை நிறுத்த வேண்டும், எதனைத் தொடர வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோருக்கு

ஒரு நாள் சிகிச்சை தவறினாலே உடலில் பொற்றாசியமும் நீரும் சேரத் தொடங்குகின்றன. பொற்றாசியம் அளவு மீறினால் இருதயத் துடிப்பு முன்னறிவிப்பின்றி நின்றுவிடலாம். எனவே புயல் எச்சரிக்கை வந்ததுமே உங்கள் சிகிச்சைப் பிரிவை அழைத்து, ஒரு நாள் முன்னதாகச் சிகிச்சை பெற முடியுமா என்று கேளுங்கள். இவ்வாறு கேட்பது எமக்குத் தொந்தரவு அன்று. நாங்கள் எதிர்பார்ப்பதும் அதுவே.

வர முடியாத நிலையில், வழி திறக்கும்வரை அவசர கால உணவுமுறைக்கு மாறுங்கள். பொதுவாக நாளொன்றுக்கு அரை லீற்றர் அளவுக்குள் நீராகாரத்தை நிறுத்துமாறு கூறுகிறோம். உங்களுக்குரிய அளவை உணவியலாளர் குறித்துத் தருவார். வாழைப்பழம், தோடம்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, தக்காளி, பருப்பு, கீரை, பலா, தேங்காய்ப்பால் சேர்த்த சொதி ஆகியவற்றைத் தவிருங்கள். கருவாடு, ஊறுகாய், தகரத்தில் அடைத்த சூப் ஆகியவற்றின் உப்பு தாகத்தைத் தூண்டி மேலும் நீர் அருந்தச் செய்யும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்கள் பலவற்றில் இருப்பது பொற்றாசியமே என்பதால் அவையும் ஆகா. வெள்ளைச் சோறு, வெள்ளைப் பாண், அப்பிள், சிறிதளவு முட்டை அல்லது கோழி ஆகியவை பொருந்தும். நீரிழிவு இல்லாதவர் சீனி, தேன் ஆகியவற்றால் சக்தி பெறலாம்.

கைகால்களில் திடீர்ப் பலவீனம், துடிப்புத் தவறுதல், படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வீதி திறக்கட்டும் என்று காத்திராது 911ஐ அழையுங்கள். வயிற்றறை முறையில் வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்வோர், இயந்திரம் நின்றால் கையால் திரவம் மாற்றும் முறையைத் தாதியிடம் முன்னதாகவே மீண்டும் பழகிக்கொள்ளுங்கள்.

ஒட்சிசன் பெறுவோருக்கு

வீட்டில் ஒட்சிசன் தரும் இயந்திரம் மின்சாரம் இன்றி இயங்காது. மாற்றாக உள்ள கொள்கலன் எத்தனை மணிநேரம் வரும் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 680 லீற்றர் வாயு கொண்ட கொள்கலன், நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் செல்லும்போது சுமார் 5½ மணிநேரமே போதுமாகும். ஓரிரவுக்கும் அது காணாது. ஆகவே மூன்று நாளுக்கு எத்தனை கொள்கலன் வேண்டும் என்று வழங்குநரிடம் கேட்டு, குளிர்காலம் முழுவதற்கும் இருப்பு வையுங்கள். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒட்சிசனைக் கூட்ட வேண்டாம். நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கு அது தீங்காகலாம். ஒட்சிசன் உள்ள அறையில் மெழுகுதிரியோ அடுப்போ எரியலாகாது. பற்றரி விளக்கையே பயன்படுத்துங்கள்.

உறக்கத்தில் மூச்சுத் தடைக்கான இயந்திரம் ஓரிரு இரவு இயங்காதிருப்பது பெரும்பாலோருக்கு அவசரநிலை ஆகாது. தலையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். மூச்சுக்கு முற்றிலும் இயந்திரத்தை நம்பியிருப்பவரோ புயல் தொடங்குமுன்பே மின்சாரம் உறுதியான இடத்துக்கு மாறுவதுதான் பாதுகாப்பானது.

மருந்தும் நீரும்

புயல் நீளுமோ என்றெண்ணி மாத்திரையைப் பாதியாக்கி நாள் கடத்த வேண்டாம். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, மாற்றுறுப்புப் பெற்றவரின் மருந்து, இருதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து ஆகியவற்றைத் திடீரெனக் குறைப்பது ஆபத்தானது. குளிர்காலம் முழுவதும் இரண்டு வார இருப்புக்குக் குறையாமல் வைத்திருங்கள். ஒன்ராறியோவில் பல மருந்துகளின் பரிந்துரையை மருந்தாளரே நீட்டித்துத் தர முடியும். குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவர் பனியில் வழுக்கித் தலையை அடித்துக்கொண்டால், வலி இல்லாவிடினும் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கிராமப்புற வீடுகளில் கிணற்று நீரை ஏற்றுவது மின்பம்பி. மின்சாரம் போனால் குழாய் நீரும் போகும். ஒருவருக்கு நாளுக்கு 2 லீற்றர் குடிநீர் வீதம் மூன்று நாளுக்குச் சேமித்து வையுங்கள். கழிவறைக்கென்று குளிக்கும் தொட்டியில் நீர் நிரப்பலாம். பனியை அப்படியே உண்பது உடலைக் குளிர்விக்கும். வேறு வழியின்றி அதைப் பயன்படுத்தினால் உருக்கிக் கொதிக்க வைத்தே பருகுங்கள். இருதயச் செயலிழப்பு உள்ளவர் நாள்தோறும் காலையில் நிறை பார்ப்பதைப் புயல் நாளிலும் விடலாகாது.

மறதிநோய் உள்ளவரும் அவரைப் பராமரிப்பவரும்

இருளும் மாறிய அறையும் மறதிநோய் உள்ளவரைக் கலங்கச் செய்யும். "வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லி நள்ளிரவில் மெல்லிய உடையோடு வெளியே நடந்துவிடுவோர் உண்டு. வாசற்கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள். அவர் படுக்கும் இடம் கதவுக்கும் உங்களுக்கும் இடையில் வேண்டாம். நீங்கள் கதவருகே படுங்கள். பராமரிப்பவர் மூன்று இரவு உறங்காதிருந்தால் மருந்தில் தவறு நேரும். வீட்டில் இருவர் இருந்தால் முறைவைத்து உறங்குங்கள். ஒருவரே இருந்தால், நாளுக்கு இருமுறை அழைத்து விசாரிக்கும் பொறுப்பை நகரத்திலுள்ள உறவினர் ஒருவர் ஏற்க வேண்டும்.

எப்போது, எவ்வாறு அழைப்பது?

"இந்தப் புயலில் அம்புலன்ஸ் எப்படி வரும்?" என்று தயங்கி அழைக்காமல் இருப்பதே மிகப் பெரிய இழப்பு. வழி இருக்கிறதா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை அன்று. தேவையானபோது பனி அகற்றும் வாகனத்தை முன்னே விட்டு அம்புலன்சைக் கொண்டுவருவதும் உண்டு. வருவதற்கு நேரம் எடுக்கும் என்பதனாலேயே கிராமப்புறத்தில் முந்தி அழைக்க வேண்டும். தொலைபேசியில் இருப்பவர் அதுவரை செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவார். ஆங்கிலம் தெரியாத முதியவர் "ரமில்" என்ற ஒரு சொல்லைச் சொன்னாலும் பெரும்பாலான இடங்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரம் அல்லாத ஐயங்களுக்கு 811 இலக்கத்தில் இரவும் பகலும் தாதியின் ஆலோசனை பெறலாம். அங்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீதி நிலையை 511 வழியாக அறியலாம்.

இணையவழித் தொலைபேசி மின்சாரம் போனதும் நின்றுவிடும். கைப்பேசிக்கு மின்னேற்றும் பற்றரி ஒன்றை எப்போதும் நிரப்பி வையுங்கள்.

இந்த வாரமே செய்து முடிக்க வேண்டியவை

1. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைச் சோதித்தல்; வெப்பமூட்டியின் புகைக்குழாய் வாயிலைக் கண்டறிதல்.
2. நோயாளரின் பெயர், நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுதல்.
3. வீட்டின் 911 இலக்கப் பலகை பனிக்கு மேலே தெரிகிறதா என்று வீதியிலிருந்து பார்த்தல்.
4. இரண்டு வார மருந்து, மூன்று நாள் குடிநீர், சமைக்காது உண்ணக்கூடிய உப்புக் குறைந்த உணவு, பற்றரி விளக்கு, வானொலி, போர்வைகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்தல்.
5. சுத்திகரிப்புப் பிரிவு, ஒட்சிசன் வழங்குநர், மின் வழங்கும் நிறுவனம் ஆகியோரிடம் உங்கள் நிலையைத் தெரிவித்து, புயல் நாளுக்கான அவர்களின் ஏற்பாட்டைக் கேட்டல்.
6. பனி அகற்ற ஒருவரையும், நாள்தோறும் அழைத்து விசாரிக்க ஒருவரையும் நியமித்தல்.
7. வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் எவர் வீட்டுக்குச் செல்வது என்பதை முடிவுசெய்தல்.

இவற்றுள் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் பணம் பெரிதாகத் தேவையில்லை, ஆனால் அவையே பெரும்பாலும் விடுபடுகின்றன. அயலவர் வேற்று மொழியினர் என்பதால் பேசத் தயங்கும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். நாட்டுப்புறத்தில் உழவு இயந்திரமும் விறகடுப்பும் வைத்திருப்பவர் அந்த அயலவர்தாம். வீட்டில் நோயாளர் ஒருவர் இருக்கிறார் என்று அவர் அறிந்திருந்தால், பாதை மூடிய காலையில் உங்கள் கதவை முதலில் தட்டுபவரும் அவராகவே இருப்பார். பனி விழத் தொடங்குமுன் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்று அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மேலே கூறிய தாளை எழுதிக் கொண்டுவாருங்கள். அதனை உங்களோடு அமர்ந்து சரிபார்த்து, உங்கள் நோய்க்கேற்ப வேண்டிய மாற்றங்களைக் குறித்துத் தருவோம்.

— உள்மருத்துவப் பிரிவு மருத்துவர்கள்